உடம்பு அசதியா, கண் அசதியா?

கிளமெண்டி மகன்:
போன மாதம் இங்கே சிங்கப்பூரில் அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போனேன். "கண்ணெல்லாம் ஒரே அசதியா இருக்குப்பா" என்றார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் 'டயர்டு' என்று மட்டும் சொன்னேன். தூக்கம், சாப்பாடு என்று கேள்வி அந்தப் பக்கமே போனது. விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார்கள். சரியாக இருந்தது. திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வந்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. போனைப் பார்த்துப் பார்த்து கண்ணுதான் பூத்துப்போச்சு." முதலிலும் கண் என்றுதானே சொன்னார். அதை விழுங்கியது நான். இன்னும் உறுத்துகிறது.

இரவு ஷிப்ட்:
எனக்கு வேறு மாதிரி. 12 மணி நேரம் சிசிடிவி திரை. காலையில் ஷிப்ட் மாற்ற வந்த மலாய்க்கார அண்ணனிடம், கண் வலிக்கிறது என்று நினைத்து, மலாயில் 'சாக்கிட் மாத்தா' என்றேன். சட்டென்று நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடு என்றார். அது ஒட்டிக்கொள்ளும் கண்நோயாம். யோசித்தால் நம் ஆட்கள் 'கண் வலி' என்பதும் அதைத்தானே, மெட்ராஸ் ஐ. 'மாத்தா பெனாட்', கண் களைப்பு, என்றிருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசகி:
கிளமெண்டி தம்பி, கோபிக்க வேண்டாம். 'அசதி' கண்ணுக்குச் சேராத சொல். 'கண் அசந்துட்டேன்' என்றால் தூங்கிவிட்டேன் என்றுதான் பொருள். அசதி, அலுப்பு, களைப்பு எல்லாம் உடம்புக்கு. கண்ணுக்கு எரிச்சல், உறுத்தல், கூச்சம் என்று தனியாக இருக்கின்றன. என் மாமியார் "கண்ணைக் கட்டுது" என்றபோது நான் சொட்டு மருந்தைத் தேடினேன். அது பசி மயக்கம், அன்று அவருக்கு விரதம். அப்புறம், அம்மாவுக்கு ஒன்று. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடும், அதனால்தான் காய்ந்து எரிகிறது. கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குள் இருக்கும் தசைக்கும் ஓய்வே இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று எதிர் புளோக்கைப் பார்த்தாலே போதும். போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க விடாதீர்கள். கண்ணாடி எப்போது மாற்றினார்கள்?

கிளமெண்டி மகன்:
அக்கா, அம்மாவிடம் கேட்டேன். அசதிதான் சரி என்கிறார். ஊரில் தையல் வேலை முடித்து எழும்போது பாட்டியும் அப்படித்தான் சொல்வாராம். கண்ணாடி மாற்றி 6 வருடம் ஆகிறது. சனிக்கிழமை போகிறோம். இந்த முறை அவர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்வேன்.