ஏர்பிரஷ்ஷில் வெள்ளை அடித்தால் இறக்கைச் சந்தில் சுண்ணாம்புத் தூள் மாதிரி நிற்கிறது, உதவி தேவை

கும்பகோணம் (கேள்வி):
1/144 அளவுப் பயணிகள் விமானம், பிளாஸ்டிக் மாடல் கிட். சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் டமியா எக்ஸ்-2 பளபள வெள்ளை. பெயின்ட் ஒரு பங்கு, எக்ஸ்-20ஏ தின்னர் ஒரு பங்கு. 0.3 மி.மீ. ஊசி, காற்றழுத்தம் 25 பிஎஸ்ஐ, ஒரு சாண் தூரம், மதியம் 2 மணி. இறக்கை உடம்போடு சேரும் இடம் சொரசொரப்பு. பின்விளிம்பில் நாலு கோட் (பூச்சு) அடித்த பிறகும் சாம்பல் தெரிகிறது. ஐந்து நிமிடத்துக்கொரு முறை முனை அடைக்கிறது. எதை மாற்றுவது?

தஞ்சாவூர்:
தம்பி, தூரத்தையும் காற்றையும் முதலில் குறைங்க. சித்திரை வெயிலில் ஒரு சாண் தள்ளி 25-இல் அடித்தால் துளி வழியிலேயே காய்ந்து தூளாகத்தான் விழும். சந்தில் காற்று மோதித் திரும்புவதால் அந்தத் தூள் அங்கேயே சேரும். அதனால் சந்தை முதலில் அடிக்கணும்: 10–12 பிஎஸ்ஐ, 4 செ.மீ., காற்று வெளியே ஓடுகிற மாதிரி சாய்வாக. மற்ற இடத்துக்கு 15 பிஎஸ்ஐ, 6–8 செ.மீ. காலை வேளைதான் நல்லது.

எக்ஸ்-20ஏ-க்குப் பதில் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போடுங்க. பெயின்ட் 1, தின்னர் 1.5. அதில் உலர்வதைத் தாமதப்படுத்தும் சரக்கு இருப்பதால் முனை அடைப்பும் குறையும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைக் கலக்கவே வேண்டாம், பிளாஸ்டிக்கை அரிக்கும். ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம்.

விளிம்பு விஷயம் வேறு. ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பை விட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே மேலே ஊற்றினால் இன்னும் விலகும். விளிம்பில் மட்டும் பனி மாதிரி லேசாக இரண்டு தடவை, நடுவில் பத்து நிமிடம். பிறகுதான் முழு ஈரக் கோட்.

பாட்டிலைக் கலக்கினீங்களா? வெள்ளையின் நிறமி டைட்டானியம் டையாக்சைடு, கனமானது, அடியில் கெட்டியாக உட்காரும். குலுக்கினால் போதாது, குச்சி விட்டு அடியைச் சுரண்டணும். மேலாக எடுத்தால் எத்தனை கோட் அடித்தாலும் மூடாது.

கும்பகோணம்:
அடியைச் சுரண்டவில்லை அண்ணே. இப்போது அடித்ததை முழுக்க எடுக்கணுமா?

தஞ்சாவூர்:
வேண்டாம். இரண்டு நாள் காயட்டும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துச் சொரசொரப்பை மட்டும் தேயுங்க. சாம்பல் தெரிகிற இடத்தில் வெள்ளை சர்ஃபேசர் 1500 (நைசான அடிப்பூச்சு) ஒரு மெல்லிய கோட், அதன் மேல் எக்ஸ்-2. அடுத்த கிட்டில் சாம்பல் பிரைமரைக் கீறல், இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ளைக்கு முன் வெள்ளை சர்ஃபேசரே போடுங்க. இரண்டு கோட் மிச்சமாகும்.

நாகப்பட்டினம்:
ஒன்று சேர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதே அளவை நம்பாதீங்க. ஈரக்காற்றில் பளபளப்பு மங்கிப்போகும். கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீர் திடீரென்று துப்பி வெள்ளையில் குழி விழும். அடிப்பதற்கு முன் டேங்க் வடிகாலைத் திறந்து விடுங்க, குழாயில் ஈரப்பொறி மாட்டுங்க. அந்த மாதங்களில் இரவு விளக்கடியில் அடிக்கவே கூடாது. வயலிலிருந்து வரும் பச்சைத் தத்துப்பூச்சி ஈர வெள்ளையில் ஒட்டினால் எடுக்கும்போது கால் மட்டும் தங்கிவிடும். தை அறுவடையில் பதர்த்தூசி. அடித்த உடனே கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடுங்க. நிறப் பட்டைக்காக மறைப்பு டேப் ஒட்டும் முன் இரண்டு நாள் காயட்டும், மழைக்காலமென்றால் நாலு நாள்.