களிமண் பூசித் தோய்ச்சல் கொடுத்த கத்தியில் வாய் ஓரிடத்தில் மட்டும் கடினமாகவில்லை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 1095 எஃகுப் பட்டையில் கையால் ஒரு கத்தி செய்தேன். வாய் மட்டும் கடினமாகி முதுகு வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவும், இரண்டுக்கும் நடுவே ஹாமோன் எனப்படும் அலைக்கோடு தெரிய வேண்டும் என்ற ஆசையாலும், உலைக்குப் பூசும் தீக்களிமண் சாந்தை முதுகிலிருந்து ஏறத்தாழ 4 மி.மீ. கனத்துக்கு அப்பினேன், மண்ணின் ஓரம் வாய்க்கு 6 மி.மீ. மேலே நின்றது. அரை நாள் காயவிட்டு உலையில் வைத்தபோது, அலகு சிவக்கும் முன்பே நுனிப் பக்கத்து மண் ‘பட்’ என்று வெடித்துப் பெயர்ந்துவிட்டது. காந்தம் ஒட்டாமற்போன உடனே எடுத்து, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் தோய்த்தேன். இப்போது நுனியில் அரம் வழுக்குகிறது. நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வாயை அரம் கடிக்கிறது. பிழை மண்ணிலா, எண்ணெயிலா?

பதில் 1:
உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மண் உதிர்ந்த நுனி கடினமாகியிருக்கிறது. மண் நின்ற நடுப்பகுதியில்தான் வாய் மென்மையாக இருக்கிறது. மண் தனக்கு அடியில் உள்ள இரும்பை மட்டும் மெதுவாகக் குளிரவைப்பதில்லை. அங்கே தேங்கிய சூடு பக்கவாட்டில் வாயை நோக்கி இறங்குவதால், மண்ணின் ஓரத்தைத் தாண்டியும் அதன் வேலை நடக்கும். கனம் கூடக்கூட அலைக்கோடும் கீழே இறங்கி, கடைசியில் வாயையே தின்றுவிடும். கத்தி அளவுள்ள அலகுக்கு 2 மி.மீ. கனமே போதும் என்பது என் கருத்து. அலகின் அகலத்தில் கீழ்ப்பாதியை மண்ணில்லாமல் விடுங்கள்.

இதில் எண்ணெய்க்கும் பங்கு உண்டு. 1095 எஃகில் கரி 0.95 விழுக்காடு, மாங்கனீசு 0.3 முதல் 0.5 விழுக்காடு வரைதான். மாங்கனீசு குறைவாக இருப்பதால்தான் கோடு அழகாக விழுகிறது. அதே காரணத்தால், ஏறத்தாழ 800 பாகை செல்சியசிலிருந்து 540 பாகைக்குக் கீழே ஒரு நொடிக்குள் இறங்காவிட்டால் அது மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறாமல், பியர்லைட் என்ற மென்மையான அமைப்பாகிவிடும். சமையல் எண்ணெய் அந்த வேகத்துக்கு எட்டியும் எட்டாமலும் நிற்கும். கனத்த மண்ணும் சேர்ந்தபோது வாய் தோற்றுவிட்டது. வேகமாகக் குளிர்விக்கும் தோய்ச்சல் எண்ணெயைப் பயன்படுத்துங்கள்.

காந்தம் ஒட்டாமற்போவது 770 பாகை அளவில். அந்த நொடியிலேயே எடுத்தால் சூடு போதாது; 790 முதல் 800 பாகை வரை ஏற்றிச் சில நிமிடங்கள் சீராக நிறுத்த வேண்டும்.

பதில் 2:
மண் வெடித்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் 4 மி.மீ. சாந்தின் அடியில் ஈரம் நிற்கும். அது ஆவியாகி வழி கிடைக்காமல் மண்ணைத் தள்ளிவிடுகிறது. ஒரு நாள் நிழலில் உலர்த்திய பிறகு, 100 பாகைக்குச் சற்றுக் கீழே அடுப்பில் வைத்து மெதுவாக ஈரத்தை வெளியேற்றுங்கள். பளபளப்பாகத் தேய்த்த அலகிலும் மண் பிடிக்காது. 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசையைத் துடைத்த பிறகு அந்த இடத்தை விரலால்கூடத் தொடாதீர்கள். முதலில் பால்போல் நீர்த்த சாந்தை மெல்லிய தூரிகையால் தடவி, அது உலர்ந்து வெளுத்த பின் கெட்டிச் சாந்தை ஏற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் பயமாக இருந்தால் மெல்லிய இரும்புக் கம்பியை அங்கங்கே சுற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஜப்பானிய வாள் செய்பவர்களைப் போல எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரில் தோய்த்தால் என்ன? இதே அலகை மீண்டும் தோய்க்கலாமா?

பதில் 1:
தண்ணீரில் கோடு மிகத் தெளிவாக விழும் என்பது உண்மை. வாய் மார்ட்டென்சைட்டாகி விரிவடைவதால் அலகு முதுகுப் பக்கமாக வளைவதும் தண்ணீரில்தான் நன்றாகத் தெரியும். எண்ணெயில் பெரும்பாலும் நுனி கீழ்நோக்கித் தொங்கும். ஆனால் 1095 எஃகு தண்ணீரில் எளிதாக விரிசல் விடும். நான் தோய்த்த ஒரு நல்ல அலகு, தொட்டியிலிருந்து எடுப்பதற்குள் ‘டிங்’ என்று மெல்லிய மணிபோல ஒலித்தது. வாயில் மயிரிழை போன்ற கோடு ஓடியிருந்தது. பல நாள் உழைப்பு அந்த ஒலியோடு போயிற்று. ஆகவே முதலில் எண்ணெயில் கைபழகுங்கள்.

இதே அலகை மீண்டும் தோய்க்கலாம், விரிசல் இல்லை என்று பார்த்துக்கொண்டால். நேராகத் தோய்ச்சலுக்குப் போகாமல், 870, 815, 760 பாகை என்று இறங்குவரிசையில் மூன்று முறை சூடேற்றி, ஒவ்வொரு முறையும் காற்றில் ஆறவிடுங்கள். சூட்டில் பெருத்துப்போன எஃகின் படிக மணிகள் மீண்டும் நுண்மையாகும். வாய் 1 மி.மீட்டருக்கும் மெல்லியதாக இருந்தால் கோணிக்கொள்ளும் என்பதால், அதைத் தட்டையாகத் தேய்த்துச் சற்றுக் கனமாக்குங்கள். தோய்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை டெம்பரிங் (கடினமான எஃகு எளிதில் உடையாதபடி மிதமாகச் சூடேற்றுவது) செய்துவிடுங்கள். கோட்டை அதற்குப் பிறகு தேடலாம்: 1,000 எண் உப்புத்தாள் வரை ஒரே திசையில் தேய்த்து, சூடான வினிகரைப் பஞ்சால் தடவினால், கடினமான வாயும் மென்மையான முதுகும் வெவ்வேறு சாம்பல் நிறத்தில் பிரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.