மறுமொழி: 'தாவும் மரபணு' வேண்டாம், 'செருகி' என்போம்

அன்புள்ள ஐயா, டொக்டர் தங்கச்சி, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தால் அவர்கள் அந்தச் சொல்லுக்குள்ளேயே பொருளைத் தேடுவார்கள். மரபுத்தொகுதிக்குள் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ.) பெயர்ந்தோ படியெடுத்தோ வேறோரிடத்தில் புகுந்துகொள்ளும் டி.என்.ஏ. துண்டுகளை (transposable elements) டொக்டர் தங்கச்சி நோயாளிகளுக்கு எழுதும் விளக்கத் தாளில் தமிழில் என்னவென்று சொல்வது என்பதுதான் நம் பேச்சு. அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

> ஐயா எழுதியது: "தாவும் மரபணு" பத்திரிகைகளில் பழகிவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பழகிய சொல்தான், ஐயா. ஆனால் இரண்டு பாதியும் இடறுகின்றன. முதலில் 'மரபணு'. நாங்கள் பரம்பரையலகு என்போம். எதுவாயினும், மனித மரபுத்தொகுதியில் கிடக்கும் இந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. அலு என்ற துண்டு சுமார் 300 மூலச்சோடி (டி.என்.ஏ.யின் எழுத்துச் சோடி) நீளந்தான். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பரந்து கிடக்கிறது. அதில் ஒரு புரதத்துக்கான குறிப்புக்கூடக் கிடையாது.

அடுத்தது 'தாவும்'. பார்பரா மக்ளின்டொக் 1940களில் சோளத்தில் கண்டது உண்மையிலேயே இடத்தை விட்டுப் பெயர்ந்து போகிற துண்டு. அதற்காக 1983இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் சோளத்துக்குத் 'தாவும்' பொருந்தும். மனிதனில் அந்த வகை மரபுத்தொகுதியில் 3 சதவீதமளவில் எச்சமாகக் கிடக்கிறது, அசைவதில்லை. இன்றும் அசைபவை எல்1 (LINE-1) என்ற துண்டுக் குடும்பமும் அதன் நொதியத்தை (என்சைம்) நம்பியிருப்பவையுந்தான். எல்1 தாவுவதில்லை. தன்னை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கிறது. அந்தப் படியைத் தன் சொந்த நொதியத்தால் மறுபடி டி.என்.ஏ. ஆக்கி வேறோரிடத்தில் செருகுகிறது. மூலத் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். வாழைக்குட்டியைப் பெயர்த்து அடுத்த வளவில் நட்டாலும் தாய்மரம் நம் வளவிலேயே நிற்கிற மாதிரி. இப்படிப் படிமேல் படியாகச் சேர்ந்தே எல்1 மட்டும் நமது மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 17 சதவீதத்தைப் பிடித்திருக்கிறது. 'தாவும்' என்று சொல்லிவிட்டால் இந்தப் பெருக்கம் எப்படி வந்தது என்று பிள்ளைக்கு ஒருபோதும் விளங்காது.

> "இடம்பெயர் கூறு" என்றால் எளிமையாக இருக்குமே?

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இரண்டு நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) முறிந்து துண்டு மாறிக்கொள்வதற்கு ஏற்கெனவே 'இடப்பெயர்வு' என்று எழுதி வருகிறோம். இரண்டையும் கலந்தால் பரீட்சைத் தாளில் பிள்ளை தடுமாறும். அப்புறம், எங்கள் பக்கம் 'இடம்பெயர்' என்றாலே சுனாமியும், போரில் சனம் வெளியேறிய வாகரையும், முகாமுந்தான் நினைவுக்கு வரும். வீட்டை விட்டு வந்தவர்களின் சொல் அது. நோய் விளக்கத் தாளில் அதைப் போட எனக்கு மனம் வராது.

ஆகவே என் முன்மொழிவு: பொதுப்பெயர் 'செருகி'. படியெடுத்துச் செருகுவது 'படிச்செருகி', வெட்டிப் பெயர்த்துச் செருகுவது 'பெயர்செருகி'. கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று 'படி' தமிழில் நன்றாக ஊன்றிய சொல். எல்1 போலத் தன் நொதியத்தைத் தானே ஆக்குவது 'தற்செருகி'. அலு போல அதன் நொதியத்தைக் கடன் வாங்குவது 'சார்செருகி'.

> டொக்டர் தங்கச்சி கேட்டது: நோயாளியின் தாய்க்கு விளங்குமா?

இதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 1988இல் மரபியலாளர் கசாசியனின் குழு ஈமோபீலியா ஏ (இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள 240 ஆண்களைச் சோதித்தபோது, இரண்டு பேருக்கு எட்டாம் உறைதற் காரணியின் பரம்பரையலகுக்குள் எல்1 துண்டு செருகியிருந்தது. பெற்றோரில் அந்தச் செருகல் இல்லை. புதிதாக வந்தது. மனிதனில் இவை இன்னும் உயிரோடு இருக்கின்றன, நோயும் தரும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த இரண்டு செருகல்களில் ஒன்றுக்கு மூலமான எல்1 22ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதை 1991இல் கண்டார்கள். நோய் தந்த படியோ எக்ஸ் நிறமூர்த்தத்தில். மூலம் ஓரிடம், படி இன்னோரிடம் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

எங்கள் ஊரில் குடி (குலம்) தாய்வழியாக எண்ணப்படுகிறது. ஆண்பிள்ளைக்கு இரத்தம் உறையாவிட்டால் "எந்தக் குடியில் இருந்து வந்தது" என்றுதான் பேச்சு தொடங்கும், பழி தாயின் தலையில் விழும். எல்லா ஈமோபீலியாவும் இப்படிப் புதிதாக வருவதில்லை. பல குடும்பங்களில் அது தாய்வழியாகவே வருகிறது, அதை மறைக்கவும் கூடாது. ஆனால் புதிதாக வந்த குடும்பத்துக்கு, "உங்கட பிள்ளையில் ஒரு துண்டு புதிசா செருகுப்பட்டிருக்கு, உங்களிட்ட அது இல்லை" என்று தங்கச்சி சொல்லலாம். 'செருகி'யை அந்தத் தாய் உடனே பிடித்துக்கொள்வாள். மடியில் காசு செருகுகிறவளுக்கு அகராதி எதற்கு?

கணினியில் 'செருகுநிரல்' (plugin) இருக்கிறதே என்ற தடை எனக்குப் பெரிதாகப் படவில்லை. துறை வேறு.

சென்னையில் 1930களில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்கள் காரைதீவுக்காரர், விஞ்ஞானம் படித்தவர். அந்தப் பணியின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன். அதனால் அவசரப்பட்டு ஒன்றை ஒட்டிவிட எனக்கு விருப்பமில்லை.

சரி, ஒரு இடம் இன்னும் தீரவில்லை. அலுவால் வரும் நோய்கள் எல்லாம் செருகுவதால் வருவதில்லை. ஒரே மாதிரியான இரண்டு அலு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், கலம் (செல்) பிரியும்போது ஒன்று மற்றதோடு தவறாகச் சோடி சேர்ந்து, நடுவில் இருப்பது அறுந்து போகும். பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்திரோலிலும், மார்புப் புற்றுநோய்க்குரிய பிஆர்சிஏ1 (BRCA1) பரம்பரையலகிலும் இப்படி நடந்த குடும்பங்கள் உண்டு. அங்கே எதுவும் புதிதாகச் செருகப்படவில்லை, இருந்ததுதான் போயிருக்கிறது. அதையும் 'செருகி நோய்' என்று ஒரே தலைப்பில் போட்டால் பிழை. இதற்கு 'பிழைச்சோடி இழப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மூலச்சோடி என்ற சொல் பக்கத்திலேயே வருவதால் 'சோடி' இரண்டு பொருளில் நிற்கிறது. ஐயா, மாற்றுச் சொல் இருந்தால் தாருங்கள். அது முடிந்தால் மறுகா தங்கச்சியின் விளக்கத் தாளுக்கு முழுப் பட்டியலையும் அனுப்பிவிடலாம்.