யாரும் தொடாமலே விரிசல் விட்ட ஜன்னல்: மாற்றும்போது எந்தக் கண்ணாடி போடலாம்?

அழகாபுரம்வாசி

வணக்கம். சேலம் அழகாபுரத்தில் வீடு, அப்பா 1994-இல் கட்டியது. ஜன்னல் எல்லாம் தேக்குச் சட்டம், 4 மி.மீ. சாதாக் கண்ணாடி. மாடியில் மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் போன வருஷம் வெயில் தாங்காமல் கறுப்பு ஃபிலிம் ஒட்டினோம். இந்த மே மாதம் ஒரு நாள் மூன்றரை மணி இருக்கும், 'டிக்' என்று ஒரு சத்தம், ஓடிப் போய்ப் பார்த்தால் கீழேயிருந்து மேலே ஒரு கோடு. கீழே பக்கத்து வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், அம்மா அவர்களைப் பிடித்து ஒரு சத்தம் போட்டுவிட்டார். ஆனால் பந்து பட்ட தடமே இல்லை.

இதை மாற்றும்போதே பால்கனி ஸ்லைடிங் கதவையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். தரை வரைக்கும் கண்ணாடி, நாலு வயசு மகள் மூன்று சக்கர சைக்கிளை நேரே அதன்மேல்தான் விடுகிறாள். ஆசாரி 4 மி.மீ. போதும் என்கிறார், கடைக்காரர் எல்லாவற்றுக்கும் டஃபன்டு என்கிறார், பெங்களூரு மச்சான் ரெண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்த டபுள் கிளாஸ் போடாவிட்டால் வீடே இல்லை என்கிற மாதிரி பேசுகிறார். இதற்கு நடுவில் ஏற்காட்டில் இருக்கும் பெரியப்பா தனக்கும் நாலு ஜன்னலுக்கு டபுள் கிளாஸ் வேண்டும், சேலத்திலேயே சேர்த்து வாங்கி மேலே ஏற்றிவிடு என்கிறார். எதை எங்கே போடுவது?

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த விரிசல் சட்டத்தின் ஓரத்தில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, ஓரத்துக்கு நேர்க் குத்தாகக் கிளம்புகிறதா, ஓர் அங்குலம் போன பிறகு வளைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பந்து பட்டிருந்தால் ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலை மாதிரி நாலா பக்கமும் ஓடியிருக்கும்.

அழகாபுரம்வாசி

அண்ணா, பார்த்தேன். அப்படியேதான். கீழ் ஓரத்திலிருந்து ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஏறி அப்புறம் பாம்பு மாதிரி நெளிந்து போகிறது. ஆரம்பிக்கும் இடத்தில் கண்ணாடி ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்

அப்போது பையன்கள் மேல் பழி இல்லை, சூட்டு விரிசல்தான். கறுப்பு ஃபிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியின் நடுப்பகுதியைக் கொதிக்க வைக்கும். சட்டத்தில் கண்ணாடி செருகும் பள்ளம், அதாவது காடி, அதற்குள் ஒளிந்திருக்கும் ஓரம் அவ்வளவு சூடாகாது. நடு விரிய, ஓரம் விரியாமல் இழுபட, எப்போதோ வெட்டும்போது விழுந்த அந்தச் சில்லில் பிளந்துகொள்ளும். உள்ளே கனமான திரையை ஒட்டினாற்போல் தொங்கவிட்டிருந்தால் இன்னும் மோசம். அதனால் புதிதாக சாதாக் கண்ணாடி போட்டு மறுபடி அதே ஃபிலிமை ஒட்டினால் அடுத்த மே மாதம் இதையே திரும்ப எழுதுவீர்கள்.

பால்கனிக் கதவுக்கு யோசிக்கவே வேண்டாம், டஃபன்டு. சாதாக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பதுதான் அது, 4 மடங்கு அளவுக்கு உறுதி கூடும். உடைந்தாலும் கத்தி மாதிரி நீள்சில்லாக விழாது, கல்கண்டு மாதிரி உதிரும். தரை வரை வரும் கண்ணாடி, கதவு, குளியலறை இந்த மூன்றிலும் காசு பார்க்காதீர்கள். 5 மி.மீ.யா 6 மி.மீ.யா என்பதை உங்கள் அலுமினியம் ஃப்ரேமின் ரப்பர் பீடிங்தான் சொல்லும், ஃப்ரேம் செய்து மாட்டும் ஃபேப்ரிகேட்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூலையில் அழியாத முத்திரையாக ஐஎஸ்ஐ குறியும், பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர எண் ஐஎஸ் 2553 என்பதும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மகளுக்காக அவள் கண் உயரத்தில் ரெண்டு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள், கண்ணாடி இருப்பது தெரியாமல்தான் குழந்தைகள் மோதுகின்றன.

மாடி ஜன்னல் வேறு கதை. கீழே பையன்கள் விளையாடுகிறார்கள் என்கிறீர்களே. டஃபன்டு உடைந்தால் உதிர்ந்து அவர்கள் தலையில்தான் கொட்டும், சில சமயம் கட்டி கட்டியாகவே விழும். எனக்குக் கேட்டால் அங்கே லேமினேட்டட். ரெண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் தாள், உடைந்தாலும் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தை அந்தத் தாளே தடுத்துவிடுவதால் திரைச்சீலை சீக்கிரம் வெளுக்காது. ஆனால் எடையைப் பாருங்கள். 2க்கு 4 அடிப் பலகத்தில் 4 மி.மீ. கண்ணாடி ஏழரைக் கிலோ, 3+3 மி.மீ. லேமினேட்டட் 11 கிலோவைத் தாண்டும். முப்பது வருஷத்துக் கீல் அதைத் தாங்குமா, காடியில் பீடிங் போக அவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஆசாரியிடம் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அப்புறம் டஃபன்டோ லேமினேட்டடோ போட்டால் சூடு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெளிந்த கண்ணாடி எதுவாக இருந்தாலும் வெயில் சூட்டில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை போட்டு என்ன செய்ய?

ஃபேர்லேண்ட்ஸ் மீனா

ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி பக்கம் மட்டும் போய்விடாதீர்கள் தம்பி, நாங்கள் போட்டுவிட்டு அனுபவிக்கிறோம். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஜோராக இருக்கும். ராத்திரி உள்ளே லைட் போட்டால் அப்படியே தலைகீழ், தெருவில் போகிறவர்களுக்கு நாங்கள் சாப்பிடுவது முதற்கொண்டு தெரிகிறது. அதைவிடக் கொடுமை ஒரு கொண்டைக் குருவி. தன் நிழலை இன்னொரு குருவி என்று நினைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே வந்து டொக் டொக்கென்று கொத்த ஆரம்பித்துவிடும். இப்போது அந்த ஜன்னலில் பழைய சேலை கட்டியிருக்கிறேன்.

குளியலறைக்கு மணல் அடித்த கண்ணாடி போடுவதாக இருந்தால் சொரசொரப்புப் பக்கம் தண்ணீர் படாத பக்கமாக இருக்கட்டும். அந்தப் பக்கம் நனைந்தால் தெளிவாகிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஏற்காடு மிளகுக்கொடி

பெரியப்பாவின் டபுள் கிளாஸை மட்டும் சற்று நிறுத்துங்கள். சேலத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் உப்பிப் பலூன் மாதிரி ஆகிறதே, அதேதான் இதற்கும். கீழே சுமார் 280 மீட்டர் உயரத்தில் காற்றை அடைத்து நாலு பக்கமும் சீல் பண்ணி, 1,500 மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கண்ணாடி வெளியே புடைக்கும், சீல் இழுபடும். எங்களுக்கு ரெண்டாவது மழைக்காலத்திலேயே ரெண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி படிந்துவிட்டது, துடைக்கக் கைக்கு எட்டாத இடம், பள்ளத்தாக்கைப் பார்க்கப் போட்ட ஜன்னலில் இப்போது வருஷம் முழுக்கப் பனிமூட்டம். போட்டே தீர வேண்டும் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே எந்த உயரத்தில் மாட்டப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும், அழுத்தம் சமமாக ஓரத்தில் மெல்லிய குழாய் வைத்துத் தருகிற முறை இருக்கிறது.

இங்கே குளிர் முக்கால்வாசி கண்ணாடி வழியாக வருவதே இல்லை, ஜன்னல் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான். ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரமாகக் கொண்டு போனால் புகை எங்கே சாய்கிறது என்று தெரியும். அங்கே ரப்பர் பட்டை ஒட்டிவிட்டு அப்புறம் டபுள் கிளாஸைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அளவு எடுப்பதையும் மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், மரம் ஊதியிருக்கும். மற்றபடி குரங்கு சில்வர் ஓக் மரத்திலிருந்து ஜன்னலுக்குத் தாவும் வீடு என்றால் அந்தப் பக்கம் மட்டும் லேமினேட்டட்.

அழகாபுரம்வாசி

எல்லோருக்கும் நன்றி. பையன்கள் வீட்டுக்கு அம்மா ஒரு பை சேலம் குண்டு மாம்பழம் கொடுத்தனுப்பிவிட்டார், விவகாரம் முடிந்தது. பெரியப்பா ஊதுபத்தி வைத்துப் பார்த்துவிட்டு ரப்பர் பட்டை வாங்கச் சொல்லியிருக்கிறார். கதவுக்கு 5 மி.மீ. டஃபன்டு, மாடி ஜன்னலுக்கு 3+3. கீல் மட்டும் புதிது போடச் சொல்கிறார் ஆசாரி. அளவு நானே எடுக்கலாமா? கடையில் வந்தது நிஜமாகவே டஃபன்டுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்

எடுக்கலாம், ஆனால் டஃபன்டு ஒரு தடவை செய்துவிட்டால் வெட்டவோ துளை போடவோ முடியாது, வெட்டப் போனால் மொத்தமும் உதிரும். அதனால் ஃபேப்ரிகேட்டரை வைத்துக்கொண்டு எடுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், உயரத்தையும் அப்படியே. பழைய சட்டம் சதுரமாக இருக்காது, மூலைக்கு மூலையும் பிடியுங்கள். வந்ததில் சின்ன அளவை எடுத்துக்கொண்டு அதிலிருந்து ரெண்டு பக்கமும் சேர்த்து ஒன்றிலிருந்து ரெண்டு நூல் வரை (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைத்து ஆர்டர் கொடுங்கள், இறுகலாகப் போனால் அதுவே அடுத்த விரிசலுக்கு வழி. கீழே ரெண்டு ரப்பர் துண்டு வைத்து அதன்மேல் உட்கார வையுங்கள், கண்ணாடி மரத்தையோ ஆணியையோ தொடக்கூடாது.

முத்திரையைத் தவிர இன்னொரு வழி, போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வானத்தை வைத்துச் சாய்வாகப் பாருங்கள், சிறுத்தைப் புள்ளி மாதிரி நிழல் தெரிந்தால் டஃபன்டு. லேமினேட்டடுக்கு சிலிகான் பூசும்போது வினிகர் வாசனை அடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அது ஓரத்தில் அந்த பிவிபி தாளைப் பிரித்துவிடும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.

வண்டியிலிருந்து இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டஃபன்டு நடுவில் குத்தினால் தாங்கும், முனையில் அடிபட்டால் தாங்காது. டைல்ஸ் தரையில் வெறுமனே நிறுத்திவிடாமல் கீழே ரெண்டு சாக்கை மடித்துப் போடுங்கள்.