பல்லாவரத்துக்கு ஒரு டிக்கெட்

பல்லாவரத்திலிருந்து:

என் வீடு பல்லாவரத்தில் இருக்கிறது. ஆனாலும் எழும்பூர் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் நான் குரோம்பேட்டைக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். எனக்குத் திக்குவாய். 'ப' என்று தொடங்கும் சொல் வந்தால் உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். வரிசையில் பின்னால் நிற்பவரின் பெருமூச்சு கழுத்தில் படும். அடுத்த நிலையத்தின் பெயர் எனக்குத் தடையின்றி வரும் என்பதால் அதைச் சொல்லி டிக்கெட் வாங்கிவிட்டு, பல்லாவரத்திலேயே இறங்கிக்கொள்வேன்.

பொங்கல் சாப்பிடப் போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்பிய காலைகளுக்குக் கணக்கில்லை. அலுவலகத்தில் எனக்கு 'அடக்கமானவர்' என்ற பெயர் இருந்தது. அது நான் சம்பாதித்த பெயர் அன்று. மாற்றிச் சொல்லவே முடியாத ஒரு சொல் என் சொந்தப் பெயர், அதுவும் 'ப'வில்தான் தொடங்குகிறது. (பெற்றோரைக் குறை சொல்ல முடியாது, பெயர் வைத்தபோது நான் பேசத் தொடங்கியிருக்கவில்லை.)

கிண்டியில் ஒரு கூட்டத்தில் எல்லோரும் தங்களை அறிமுகம் செய்துகொள்ள, முறை நாற்காலி நாற்காலியாக என்னை நோக்கி வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். அன்று அது வேறோர் அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. "எனக்குத் திக்கும், பெயரைச் சொல்லி முடிக்கச் சற்று நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை; ஒருவர் தண்ணீர் குடித்தார்; அடுத்தவர் தம் பெயரைச் சொன்னார். எனக்கு நிம்மதியைவிடக் கோபமே முதலில் வந்தது. இதற்காகவா இத்தனை ஆண்டுகள் ஒளிந்து திரிந்தேன்?

தாமும் திக்குவாய் உள்ளவரான அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் இதைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழும் திக்கல் நீருக்கு மேல் தெரியும் சிறு முனை, அச்சமும் வெட்கமும் குற்றவுணர்வும் அடியில் கிடக்கும் பெரும்பகுதி. இதை எனக்கு விளக்கிய பேச்சுப் பயிற்சியாளர், முன்பின் தெரியாதவர்களிடம் வேண்டுமென்றே திக்கிப் பேசச் சொன்னார். ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் பாத்திரத்தின் விலையை அப்படிக் கேட்டபோது வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திக்கல் போய்விடவில்லை. மறைக்கும் உழைப்புதான் குறைந்திருக்கிறது.

கொளத்தூரிலிருந்து:

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன், சார். என் மகனுக்கு ஒன்பது வயது, அவனுக்கும் திக்கும். நூற்றில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு ஏதோ ஒரு காலத்தில் இது வந்து, பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும் என்கிறார்கள். அவனுக்கு இன்னும் போகவில்லை. மாமியார் வசம்பை உரசி நாக்கில் தடவிப் பார்த்தார். நான் செய்தது அதைவிட மோசம்: அவன் தொடங்கிய சொல்லையெல்லாம் நானே முடித்து வைத்தேன். ஒரு நாள், "நான் சொல்றதுக்குள்ள நீ சொல்லிடற, அப்புறம் நான் எதுக்கும்மா?" என்று கேட்டான், அதைக் கேட்டு முடிக்கவும் அவனுக்கு வெகு நேரம் ஆயிற்று.

பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்று, ஆங்கிலம் பேசப் பயந்து, தலைவலி என்று சொல்லிக் கணவரை அனுப்பும் வழக்கம் எனக்கு உண்டு என்பதை அன்றிரவு அவனிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு இருவரும் போனோம். நான் தமிழிலேயே பேசினேன்.

மீண்டும் பல்லாவரத்திலிருந்து:

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள், அம்மா. போன வாரம் எழும்பூரில் என் 'ப' நான்கைந்து முறை முட்டி நின்றது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "பரங்கிமலையா, பழவந்தாங்கலா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்று தலையசைத்தேன். அவர் காத்திருந்தார்.