அந்தோனியார் கோயில்: கை வைக்க முன்னம் எழுதி வைப்போம்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

வன்னியில் இருக்கிற எங்கள் அந்தோனியார் கோயில் திருத்த வேலைக்குக் கனடாவிலும் சுவிசிலும் காசு சேருகிறது என்று போன கிழமை வந்த மடலில் பார்த்தேன். சந்தோசம், என் பங்கையும் அனுப்புகிறேன். அதற்கு முதல் ஒரு விசயம். பீடப்பக்கச் சுவரை உடைத்து அகலமாக்குவது, மிச்சமிருக்கிற பழைய கூரையைக் கழற்றித் தகரம் போடுவது, பழைய தளபாடங்களை ஒதுக்குவது என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. ஒதுக்கினவை கடைசியில் யாருடைய அடுப்புக்குப் போகும் என்று நாங்கள் முன்னமும் பார்த்திருக்கிறோம். வேலையை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மேசன் வந்து கை வைக்க முன்னம், கோயிலில் இருப்பதை உள்ளபடி அளந்து, படம் எடுத்து, எழுதி வைத்துவிடுவோம் என்கிறேன்.

ஆனி மாதம் திருநாளுக்குப் போன நான் கொடியிறக்கிய பிறகும் ஆறு நாள் நின்றேன். மருமகனைக் கூட்டிக்கொண்டு, அளவு நாடாவும் கொப்பியுமாகக் காலைப் பூசை முடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை கோயிலுக்குள்ளேயே கிடந்தோம். நீளம் 62 அடி, அகலம் 24 அடி, சுவரின் தடிப்பு 26 அங்குலம். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தபோது ஒன்றுக்கொன்று 7 அங்குலம் வித்தியாசம் வந்தது. நாடா இழுபட்டுவிட்டதாக்கும் என்று நினைத்து மூன்று தரம் அளந்தோம், அதே 7 அங்குலம். அப்புறம்தான் தெற்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பொருத்து கண்ணில் பட்டது. அதற்கு முன்பக்கம் முருகைக்கல், பீடப்பக்கம் செங்கல். எங்கள் கோயில் ஒரே நாளில் கட்டினது இல்லை, முதலில் சின்னதாக இருந்து பிறகு பின்னுக்கு நீண்டிருக்கிறது, நீட்டினவர்கள் கொஞ்சம் சரித்துவிட்டார்கள். உடைக்கப் போகிற சுவரில்தான் அந்தப் பொருத்து இருக்கிறது. போய்விட்டால் இந்தக் கதையை இனி யாரும் வாசிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சண்டை முடிந்து 2010இல் சனம் திரும்பி வந்தபோது நடுக் கூரை இல்லை. சுவாமியார் பூசை உடுப்புப் போடுகிற அறையான சக்கிறீஸ்துக்கு மேலே மட்டும் பழைய மரம் தப்பியிருந்தது, இப்போதும் இருக்கிறது. ஏணி வைத்து ஏறி, ரோச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தபோது, கைமரம் ஒவ்வொன்றின் பொருத்துக்குப் பக்கத்திலும் உளியால் வெட்டிய அடையாளம் தெரிந்தது. ௧, ௨, ௩, ௪. தமிழ் இலக்கம்! தச்சர் கீழே நிலத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்து, இலக்கம் போட்டு, கழற்றி மேலே ஏற்றியிருக்கிறார்கள். ௫ இலக்கக் கைமரம் ஆறாவது இடத்தில் நிற்கிறது, அதற்குரிய சலாகையைச் சீவிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். மருமகன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, 'மாமா, அண்டைக்கும் அவசரத்தில மாறித்தான் ஏத்தியிருக்கினம்' என்றான். அந்த முதிரை மரத்தில் இன்னும் பூச்சி இல்லை. அதைத்தான் கழற்றப் போகிறோம்.

உள்ளே உள்ள சாமான்களுக்கு வருகிறேன். உலகத்து ஆயர்மார் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்ததும் அதன் பிறகு சுவாமிமார் சனத்தைப் பார்த்துப் பூசை வைக்கத் தொடங்கியதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கோயிலில், சனம் முழந்தாளில் நின்று நன்மை வாங்குகிற தடுப்பான நற்கருணைக் கிராதியும், சுவாமியார் ஏறி நின்று பிரசங்கம் வைக்கிற பிரசங்கத் தொட்டியும் போனது அந்த மாற்றத்தில்தான். கிராதி எரிந்துபோனது என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். எரியவில்லை. அதன் மரத்தூண்கள் ஒன்பது, பாடகர் மேடைக்கு முன்தடுப்பாக நிற்கின்றன. பச்சை, நீலம், வெள்ளை என்று எனாமல் பெயின்ற் படை படையாக ஏறியிருக்கிறது, அது சுரண்டுப்பட்ட இடத்தில் கடைந்த வளையம் இன்னும் கூர்மையாகவே தெரிகிறது. பிரசங்கத் தொட்டியின் படிக்கட்டு மட்டும் பங்கு வீட்டுப் பின்விறாந்தையில் கிடக்கிறது.

மணியையும் பார்த்தோம். வாயைச் சுற்றியுள்ள எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தேன். ஆண்டு இருக்கிற இடத்தில் 18 என்ற இரண்டு இலக்கம் மட்டும் வந்தது. அடுத்த இரண்டையும் ஷெல் துண்டு ஒன்று தின்றுவிட்டது, விரல் நுழையும் அளவுக்குக் குழி. அந்தக் குழியையும் அளந்து எழுதினேன், அதுவும் மணியின் சரித்திரம்தான். முன்கதவில் உள்ள துளைகளுக்கும் அதே நியாயம். அவற்றை மக்கு வைத்து அடைக்க ஒரு யோசனை இருக்கிறதாம். தயவுசெய்து வேண்டாம், குறைந்தது எண்ணி, படம் எடுக்கும் வரையாவது வேண்டாம்.

சுவர் ஏன் உதிர்கிறது என்று அக்கா ஒருவர் முன்பு கேட்டிருந்தார். எங்களுடையது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர். நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டேயிருக்கும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு உதவிக்கு வந்த ஒரு நிறுவனம் நல்ல மனதோடு அதன் மேல் சீமெந்து பூசிவிட்டது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளுகிறது. இந்தத் தரமும் சீமெந்து பூசினால் இன்னும் பத்து வருசத்தில் திரும்பவும் காசு சேர்க்க வேண்டிவரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் ஒருவரைத் தேடிப் பிடிப்பது அதைவிட மலிவு.

எப்படி எழுதுவது என்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. நான் இருக்கிற இங்கிலாந்தில் ஆர்ட்ஸ் சொசைட்டி என்ற அமைப்பின் தொண்டர்கள் பழைய தேவாலயங்களுக்குப் போய் இதைத்தான் செய்துவந்தார்கள், அனேகமாக எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். உலோகம், கல், மரம், துணி, ஓவியம், யன்னல், புத்தகம் என்று பிரித்துக்கொண்டு, ஒரு கதிரைக்கும் அரைப் பக்கம் எழுதுவார்கள். என்ன பொருள், எதனால் செய்தது, அளவு என்ன, எழுத்தோ இலக்கமோ இருக்கிறதா, எங்கே உடைந்திருக்கிறது, யார் கொடுத்தது. களவுபோன பொருளைப் பொலிஸ் தேடுவதற்காக 1997இல் வந்த ஒப்ஜெக்ட் ஐடி என்ற முறையும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. எங்கள் வெள்ளித் தூபக்கால் நாளைக்குக் காணாமல் போனால் காட்டுவதற்கு ஒரு படமாவது இருக்கிறதா? இல்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க ஏலாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான் தானாகவே தொல்பொருளாகக் கணக்கெடுக்கிறது. வன்னியில் நிற்கிற கோயில்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் காலத்திலும் அதன் பின்னும் எழுந்தவை.

பழைய கடிதங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. எனவே எங்கள் கோயிலின் கட்டட அனுமதி, செலவுக் கணக்கு ஏதும் மிஞ்சியிருந்தால் அதை யாழ்ப்பாணத்தில் தேட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற உறவுகள் யாராவது ஆயர் இல்லத்தில் முறைப்படி கேட்டுப் பார்ப்பீர்களா? ஞானஸ்நானப் பதிவேடு எங்களிடமே இருக்கிறது. 2008 சித்திரையில் சண்டைக்குப் பயந்து மடு மாதாவின் சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன நாட்களில் எங்கள் மூப்பர் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி அரிசி மூட்டைக்குள் வைத்தார். பிறகு இடம்பெயர்ந்தபோது மூட்டையோடு கொண்டுபோய், மூட்டையோடு திருப்பிக் கொண்டுவந்தார். பழைய பக்கங்கள் இலத்தீனில் இருக்கின்றன, கரையெல்லாம் செல்லரித்துவிட்டது. அதை விரித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கும் வேலையை மருமகன் ஏற்றிருக்கிறான்.

வெளிநாட்டில் இருக்கிற உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தை அல்பத்திலிருந்து எடுங்கள். 1970க்கு முன்னம் எங்கள் கோயிலில் தாலி கட்டினவர்கள் என்றால் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் பழைய பீடம் நிற்கும், இடது பக்கம் பிரசங்கத் தொட்டியின் ஒரு ஓரமாவது விழுந்திருக்கும். படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். என்னிடம் பெரியம்மாவின் படம் ஒன்று இருக்கிறது, அதில் தொட்டியின் கீழ்ப்பகுதியும் இரண்டு படியும் தெரிகின்றன. மேல்பகுதியில் செதுக்கியிருந்தது திராட்சைக் கொடியா கோதுமைக் கதிரா என்று ஊரில் இரண்டு கட்சி. ஒரு படம் கிடைத்தால் முடிவாகிவிடும்.