ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை, யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம். தங்கை மகளுக்கு ஒன்றரை வயது. சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. மருந்து வேலை செய்தால் பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தணிய வேண்டுமாம். கல்ச்சர் ரிப்போர்ட்டில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற கிருமி, சிரப்பாகக் கிடைக்கிற மருந்துகளுக்கு நேரே எல்லாம் 'ஆர்', அதாவது அவை கிருமியிடம் பலிக்காது. 'எஸ்', அதாவது பலிக்கும் என்று போட்டிருப்பவை ஊசி மருந்துகள்தான். தினமும் கூட்டிப்போய்ப் போட்டு வருகிறோம். பால் குடிக்கிறாள், டயப்பர் நனைகிறது, அதுவரை சரி. அது நின்றாலோ, எழுப்பினாலும் துவண்டாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: பிறகு கிட்னி ஸ்கேன் எடுத்தார்களா? அடுத்த காய்ச்சலின்போது, பழைய ரிப்போர்ட்டைக் காட்டுவதோடு வேறு எதைக் கவனித்தீர்கள்? மருந்துப் பெயர் மட்டும் வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.